கேனரிக் கூண்டில் ஒரு என்கொயரி

"தனித்தனிக் கூண்டில் போட்டுவிடுங்கள்" என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் இதுவரை ஒன்பது பேர். பட்டியல் வைத்திருக்கிறேன். கால்நடை மருத்துவர், பால்காரர், எதிர்வீட்டுக்காரர், பெங்களூரில் இருக்கும் என் மகள், வாட்ஸ்அப் குழு ஒன்றில் தன்னைப் பறவை நிபுணர் என்று அழைத்துக்கொள்ளும் ஓர் அன்பர், இன்னும் நான்கு பேர். எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். ஆனால் அதைத் தாங்களே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்கள். நான் ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. இனியும் கேட்பதாக இல்லை.

சண்டை போடுகிறவர்களைத் தனித்தனியாக அடைத்தால் சண்டை நின்றுவிடும் என்பது ஒரு கண்டுபிடிப்பா? ஆட்களே இல்லாத தொழிற்சாலையில் தொழிலாளர் பிரச்சினை இருக்காது என்பதைப் போன்ற ஞானம் அது. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். மெமோ, விளக்கக் கடிதம், சஸ்பென்ஷன், என்கொயரி, தீர்ப்பு என்று ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே அனுப்புவதற்கு எத்தனை படிகள் உண்டோ அத்தனையும் எனக்கு மனப்பாடம். நான் நடத்திய ஒரு என்கொயரியைக்கூட எந்த நீதிமன்றமும் முறைகேடு என்று சொன்னதில்லை. எட்டு கேனரிக் குருவிகள் எனக்கு எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன்.

எட்டில் ஆண் மூன்று, பெண் ஐந்து. ஓய்வுபெற்ற வருடம் பெங்களூர் சிவாஜிநகர் சந்தையில் ஒரு ஜோடி வாங்கினேன். மற்றவை பிறந்தவையும் பின்னால் வாங்கியவையும். கேனரிக்கு வெயில் ஆகாது, ஓசூரின் குளிர் ஒத்துப்போகும். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஆறடியில், ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் இரும்புச் சட்டமும் கம்பிவலையுமாக ஒரு கூண்டு. என் மனைவி ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்தாள். நான் காலில் மாட்டிய வளையத்தின் நிறத்தை மட்டும் நோட்டில் எழுதினேன். பெயர் வைத்தால் நடவடிக்கை எடுப்பது கடினம்.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தபோது கூண்டின் முன்னால் நின்று கூப்பிட்டாள்.

"அப்பா, இது ரத்தமா?"

"பீட்ரூட் துருவிப் போட்டேன்" என்றேன்.

"பீட்ரூட் வாயில இருக்கணும். கழுத்துல ஏன் இருக்கு?"

வெள்ளை வளையம் போட்ட இளம் ஆண் பறவை மூலையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. கழுத்தின் பின்புறம் இறகு இல்லை. தோல் சிவந்து, ஓரிடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. எனக்கு அது இரண்டு வாரமாகத் தெரியும். சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து மகள் எங்களைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம், பதினோராவது மாடி. புறா வராமலிருக்க பால்கனி முழுக்க வலை கட்டியிருக்கிறார்கள். மனிதர்கள் வலைக்குள் உட்கார்ந்து காபி குடிக்க, புறாக்கள் வெளியே இருந்து பார்க்கும். நான் போவதாக இல்லை. ஒவ்வொரு முறையும் நான் சொல்லிவந்த பதில், "பறவைகளை யார் பார்த்துப்பாங்க?" என்பதுதான். அந்தப் பதிலின் கழுத்திலிருந்துதான் இப்போது ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"எட்டு குருவிய உங்களால மேனேஜ் பண்ண முடியல. நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள்.

"உங்கம்மா யார் கழுத்தையும் கொத்தறதில்ல" என்றேன்.

"என் கழுத்தைத் தவிர" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. இரண்டு பேருக்கும் மேலாக ஒரு வார்த்தை சொல்வது என் மனைவியின் வழக்கம்.

மகள் விடவில்லை. "பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வருவேன். அன்னிக்கும் ரத்தம் இருந்துச்சுன்னா எல்லாத்தையும் எனக்குத் தெரிஞ்ச, பறவை வளர்க்கற பிரீடர்கிட்ட கொடுத்துடறோம். நீங்க ரெண்டு பேரும் என்னோட வர்றீங்க. சரியா?"

வேலையில் இருந்தபோது எந்த இலக்கையும் மறுத்துப் பழகாதவன் நான். சரி என்றேன். அதோடு நிற்காமல், வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை என்று ஒரு தாளில் நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்: 'குறிப்பிட்ட ஞாயிறு காலை பத்து மணிக்கு எந்தப் பறவையின் உடலிலும் புதிய ரத்தம் காணப்படக் கூடாது. காணப்பட்டால் நாங்கள் இடம்பெயரச் சம்மதம்.' என் மனைவி அதைப் படித்துவிட்டு, "என் கையெழுத்து எங்க?" என்றாள். நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

மறுநாளே என்கொயரி தொடங்கியது. கூண்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, நீள நோட்டு, தலையில் மஃப்ளர். மூன்று காலைப்பொழுதுகள் உட்கார்ந்து ஒவ்வொரு தாக்குதலையும் எழுதினேன். யார் அடித்தது, யாரை அடித்தது, எத்தனை முறை. முடிவில் சந்தேகத்துக்கே இடமில்லை. பெரும்பாலான தாக்குதல்கள் சிவப்பு வளையத்துடையவை. நல்ல மஞ்சள் நிறத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கூண்டின் மிக உயரமான கிளையில் உட்கார்ந்து பாடும் பறவை. கீழே எவன் இறங்கினாலும் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அம்புபோலப் பாயும். மூத்த பறவை, தலைமைக் குணம், முன்கோபம். இந்த வகை ஆளை எனக்குத் தெரியும். ஒரு சிறிய கூண்டில் பிடித்துப் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சஸ்பென்ஷன், ஒரு வாரம்.

இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் உயரமான கிளையில் நீல வளையம் உட்கார்ந்திருந்தது. அதுவரை ஒரு தும்மல்கூடத் தும்மாத பறவை. நோட்டில் அதன் நிறத்துக்கு எதிரே 'நடத்தை திருப்திகரம்' என்று எழுதியிருந்தேன். அது இப்போது நெஞ்சை நிமிர்த்தி, அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில் பாய்ந்தது. வெள்ளை வளையம் முன்னைப்போலவே மூலையில் ஒடுங்கியது.

வாரம் முடிந்து சிவப்பைத் திரும்ப விட்டேன். தன் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருப்பதை அது பார்த்தது. பிறகு நடந்ததை எழுத நோட்டில் பக்கம் போதவில்லை. மஞ்சள் இறகுகள் காற்றில் பறந்தன. நான் குளியல் துண்டோடு உள்ளே ஓடி இரண்டையும் பிரித்தேன். என் விரலிலும் ஒரு கொத்து.

சிவப்பை மறுபடி சிறு கூண்டில் அடைத்துவிட்டு, இந்தக் கூண்டைக் கட்டிக்கொடுத்த வெல்டரைப் போனில் அழைத்தேன். நடுவில் ஒரு தடுப்பு போட்டுவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். தனிக்கூண்டு இல்லை, தடுப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். நரைத்த தாடி. பட்டறை தளி ரோட்டில். வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளரைப் பொறுத்துக் கன்னடம், என்னிடம் தமிழ். வந்ததும் டேப்பை இழுத்து அளந்துகொண்டே கேட்டார்:

"இன்னா சார், குருவிக்கு ஜெயிலு கட்றீங்களா?"

"நடுவுல ஒரு தடுப்பு. பூட்டுப் போடற மாதிரி ஒரு கதவு. அவ்வளவுதான்."

"இன்னாத்துக்கு?"

விளக்கினேன். நோட்டையும் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல், பக்கம் பக்கமாகப் படித்தார். என் ஆவணங்களை இவ்வளவு மரியாதையோடு படித்தவர்கள் குறைவு. கடைசிப் பக்கம் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"யாரு அடிச்சது, யார அடிச்சது, எத்தினி தபா அடிச்சது, அல்லாம் எழுதிக்கீறீங்க. எங்க வெச்சு அடிச்சதுன்னு எழுதலியே சார்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுதவில்லைதான்.

அவர் கூண்டின் இடது மூலையைக் காட்டினார். உயரமான கிளைக்கு நேர் கீழே தினையும் பேயெள்ளும் போட்ட தட்டு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை வளையம் தட்டில் வந்து உட்கார்ந்தது, மேலிருந்து நீலம் பாய்ந்தது, வெள்ளை பறந்தது.

"எட்டுக்கும் அந்த ஒரு தட்டுதானா?"

"தட்டு பெரிசு" என்றேன்.

அவர் சிரித்தார். சத்தமாக இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. "அன்னிக்கும் இதேதான் சார் சொன்னீங்க. அண்டா பெரிசுன்னு."

"என்னிக்கு?"

"கேன்டீன்ல. கரண்டி கேசு. நாந்தான் சார் அது."

தாடியை நீக்கிவிட்டு, இருபது வருடத்தைக் கழித்துவிட்டு அந்த முகத்தைப் பார்த்தேன். ஆமாம், அவர்தான்.

அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, ஒரு ஷிஃப்ட் ஆட்கள் முழுக்க ஒரே வரிசை, ஒரே கவுண்டர், ஒரே சாம்பார் அண்டா. வரிசையின் வாலில் இருப்பவன் தட்டோடு உட்காரும்போது சைரன் ஊதிவிடும். ஒருநாள் ஒருவன் நடுவில் புகுந்தான். பின்னால் நின்ற இவர் பரிமாறுபவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அவன் தலையில் அடித்தார். தையல் போட வேண்டியிருந்தது. ஏழு அமர்வு என்கொயரி நடத்தினேன். எல்லாச் சாட்சிகளிடமும் ஒரே கேள்வி: முதலில் அடித்தது யார்? இவர் தன் விளக்கக் கடிதத்தில் 'சாருக்கு வணக்கம், கேன்டீனில் ஒரு கவுண்டர்தான் உள்ளது' என்று ஒரு பத்தி எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் 'குற்றச்சாட்டுக்குத் தொடர்பற்றது' என்று சிவப்பு மையில் குறித்தது நான். வேலைநீக்க உத்தரவில் கையெழுத்திட்டதும் நான். தொழிலாளர் நீதிமன்றம் நடைமுறையில் ஒரு குறையும் இல்லை என்றது. அடுத்த மாதம் கேன்டீனில் இன்னும் இரண்டு கவுண்டர் திறந்தோம். 'தொழிலாளர் நலன் கருதி' என்று அந்தக் குறிப்பை எழுதியதும் நானேதான்.

"நீங்க அடிச்சது உண்மைதானே?" என்றேன்.

"அடிச்சன் சார். இல்லன்னு அன்னிக்கும் சொல்லல."

"இந்தக் கூண்டைக் கட்டும்போதே என்னைத் தெரியுமா?"

"தெரியாம? கேட்டுல பேரு பாத்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் கட்டினீங்க?"

"கூண்டு கட்றது என் தொழில் சார். நீங்களா உள்ள போவப்போறீங்க?" டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "மன்னிப்புலாம் வாணாம் சார். நான் நல்லாத்தான் கீறன்."

"நான் மன்னிப்பு எதுவும் கேட்கலையே."

"தெரியும் சார். கேக்கமாட்டீங்க. அதான் நானே முன்னாடி சொல்லிட்டன்." வண்டியை உதைத்துக் கிளப்பினார். "தடுப்பு வேணும்னா கட்டித் தரன். மொதல்ல இன்னும் ரெண்டு தட்டு வெச்சுப் பாருங்க. ஆவலன்னா கூப்புடுங்க."

அவர் போன பிறகும் நான் என் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. கரண்டியால் மனிதன் தலையில் அடிப்பது தவறு. அதே கோப்பு நாளை என் மேஜைக்கு வந்தாலும் தவறு என்றுதான் எழுதுவேன். இதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் 'எங்கே' என்ற சொல் என் நோட்டில் இல்லை. அந்தக் கோப்பிலும் இல்லை. அன்று முழுவதும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி இரண்டு முறை என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை கூண்டுக்குள் போய் எல்லாவற்றையும் கலைத்தேன். என் கைவண்ணத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கிளைகளை மாடிப்படிபோல ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டியிருந்தேன். கீழே நான்கு, நடுவில் இரண்டு, உச்சியில் ஒன்றே ஒன்று. முப்பத்தொரு வருடம் அலுவலகச் சுவரில் பார்த்த பதவி வரிசையைக் கொய்யாக் கிளையில் கட்டிவைத்துவிட்டு, உச்சிக்கிளைக்குச் சண்டை வருகிறதே என்று மெமோ கொடுத்திருக்கிறேன்.

எல்லாக் கிளைகளையும் ஒரே உயரத்தில் இரண்டு பக்கமும் கட்டினேன். தட்டுகள் மூன்று, மூன்று மூலையில். குளிக்கும் கிண்ணம் இரண்டு. ஒரு தட்டில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு இன்னொரு தட்டு தெரியக் கூடாது என்று நடுநடுவே பச்சை நிழல்வலையைத் தொங்கவிட்டேன். இந்த ஊரில் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழைய வலையைக் கழித்துப் போடுவார்கள். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சிவப்பு வளையத்தையும் அன்றே உள்ளே விட்டேன். யாருக்கும் பழைய இடம் என்று ஒன்று இல்லாததால் எட்டும் குழம்பிப்போய், முதல் நாள் ஆபீசுக்கு வந்த ஆட்கள்போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

விரட்டல் முழுக்க நிற்கவில்லை. ஆனால் விரட்டப்பட்டவன் போவதற்கு இன்னொரு தட்டு இருந்தது. ஆண்களின் சண்டை நாலைந்து நாளில் வெறும் சத்தமாகக் குறைந்தது. இருந்தும் வெள்ளையின் கழுத்தில் இறகு முளைக்கவே இல்லை. அதற்கான விடையைக் கண்டுபிடித்தது என் மனைவி. கிறிஸ்துமஸ் முடிந்து குடிலைப் பிரித்துக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, உங்க குற்றவாளி அவன் இல்ல. அங்க பாருங்க, பொம்பளப் பிள்ளை ஒருத்தி அவன் இறகைப் பிடுங்கி வாயில வச்சுக்கிட்டுப் போறா."

பார்த்தேன். ஒரு பெண் பறவை, வாயில் மஞ்சள் இறகோடு, மூலையில் மாட்டியிருந்த கூட்டுக் கிண்ணத்துக்குப் போனது. கூடு கட்டும் காலம். கிண்ணம் மாட்டியிருந்த நான், கட்டுவதற்குப் பொருள் எதுவும் கொடுக்கவில்லை. அவள் கிடைத்த இடத்தில் எடுத்துக்கொண்டாள்.

"நான் அதை யோசிக்கவே இல்லை" என்றேன்.

"நீங்க எப்ப வீட்டுச் சாமான் யோசிச்சீங்க?" என்று சொல்லிவிட்டு, குடிலுக்கு வாங்கிய வைக்கோலையும் கோணிச் சாக்கின் நாரையும் கத்தரித்துக் கம்பியில் செருகினாள். பாலன் இயேசு படுத்திருந்த வைக்கோல் அன்று மாலைக்குள் கேனரி வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. பத்து நாளில் வெள்ளையின் கழுத்தில் முள்போல இறகுக் குருத்து எட்டிப்பார்த்தது.

அந்த ஞாயிறு வந்தது. பனி விலகி ஒன்பது மணிக்குக் கூண்டைப் பார்க்கப் போனேன். வெள்ளை வளையத்தின் கால்விரலில் ரத்தம்.

சின்னக் காயம்தான், ஒரு துளி. கோணி நார் சுற்றி இழுத்திருக்கலாம். நிழல்வலையில் மாட்டியிருக்கலாம். யாராவது கொத்தியும் இருக்கலாம். மருந்து தொட்டுவைத்தேன். பின்னால் மனைவி வந்து நின்றாள், பூசைக்குப் போய்வந்த சேலையோடு.

"இவனை எதிர்வீட்டுல கொடுத்து வச்சிருந்து சாயந்திரம் வாங்கிக்கலாம்" என்றாள். "ஆடிட்டுக்கு நீங்க பண்ணுவீங்களே, அது மாதிரி."

எங்கள் தொழிற்சாலைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பத்து மணிக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால், எட்டு மணிக்கே குறையுள்ள பாகங்கள் ஒரு மினி லாரியில் ஏறி கிருஷ்ணகிரி ரோட்டில் ஊர்வலம் போகும். அவர்கள் கிளம்பியபின் லாரி திரும்பி வரும். அந்த லாரிக்கு எத்தனையோ முறை கேட் பாஸ் எழுதியவன் நான். சிறு கூண்டைக் கையில் எடுத்தும்விட்டேன். வெள்ளை வளையம் அப்போது மூன்றாவது தட்டில், யாரும் பார்க்காத மூலையில், நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. இத்தனை வாரத்தில் அது அவசரமில்லாமல் தின்று நான் பார்த்ததில்லை. கூண்டைக் கீழே வைத்தேன்.

மகள் பத்து மணிக்கு வந்தாள். ஃப்ரிட்ஜில் இருந்த தாளைப் படித்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்பா, ரத்தம் இருக்கு."

"இருக்கு. வெள்ளை வளையம், இடது கால்."

"யார் பண்ணது?"

"விசாரிக்கல" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பள்ளியில் பென்சில் தொலைந்தால்கூட அவளிடம் மூன்று சாட்சி கேட்ட அப்பன் நான்.

"நீங்க எழுதிக் கொடுத்த கண்டிஷன்படி…"

"நான்தான் எழுதினேன், தப்பா எழுதியிருக்கேன். ரத்தம் இருக்கா இல்லையான்னு மட்டும் கேட்கிற தாள் அது. இங்க எட்டு பேர் மூணு தட்டுல சாப்பிடறாங்க. அதைக் கேட்க அதுல இடம் இல்ல. இப்படி ஒரு தப்பான கேள்வியைக் கேட்டு முன்னாடி ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். இந்தத் தடவை யாரையும் அனுப்பறதா இல்ல. என்னையும் சேர்த்து."

வெல்டர் கதையை அவளுடைய அம்மா போனில் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். யாரை என்று அவள் கேட்கவில்லை.

"இது ஏமாத்து" என்றாள்.

"மேல்முறையீடு" என்றேன்.

"நானும் வரல" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அந்தத் தாள்ல என் கையெழுத்தே கிடையாது."

மகளுக்குக் கோபம்தான். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூண்டின் முன்னால் உட்கார்ந்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. சிவப்பு வளையம், எல்லோருக்கும் சமமான உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அவமானத்தை விழுங்கிக்கொண்டு, பாடிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் குரல் கேட்டது.

"அப்பா, அந்த மூணாவது தட்டு நெறஞ்சு இருக்கற மாதிரி தெரியுது. ஊதிப் பார்த்தேன், வெறும் உமி. உள்ள ஒண்ணுமே இல்ல. அந்த வெள்ளைக்காரன் அங்கதானே சாப்பிடறான்?"

பேயெள்ளு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். உமியைத் தட்டிக் கொட்டிவிட்டு அவளே நிரப்பினாள்.